மூலக்குளத்துக்குக் கவுன்சிலர் யார்?

1954 அக்டோபர் 18. புதுச்சேரிக்கு மேற்கே கீழூர் என்ற சிற்றூரில் 178 பேர் கூடினார்கள். பிரெஞ்சு ஆட்சியை விட்டு இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று வாக்களித்தார்கள். 170 பேர் சேரலாம் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். இரண்டே வாரத்தில், நவம்பர் 1-ம் தேதி, நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அந்த நாளை விடுதலை நாளாகப் புதுச்சேரி கொண்டாடுகிறது. கீழூரில் நினைவுத் தூண் நிற்கிறது, தலைவர்கள் போய் மரியாதை செலுத்துகிறார்கள்.

அந்த 178 பேர் யார் என்பதை மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை. பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களோடு சேர்த்து, அவர்களில் பலர் கொம்யூன்கள் என்ற உள்ளாட்சி அலகுகளின் கவுன்சிலர்கள். தெரு விளக்கையும் சாக்கடையையும் சந்தை வரியையும் பார்த்துக்கொள்ளத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஒரு நிலப்பகுதி எந்த நாட்டோடு இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை சொல்லும் தகுதி அவர்களுக்கு உண்டு என்று இந்தியாவும் பிரான்சும் ஒப்புக்கொண்டன. அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே கொம்யூன் மேயர்கள் இணைப்பு கோரித் தீர்மானம் போட்டுவிட்டார்கள். டெல்லியிலும் பாரிசிலும் நடந்த பேச்சுக்கு வலு கொடுத்தது உள்ளூர்க் கவுன்சிலர்களின் குரல்தான்.

இன்று அந்தக் கவுன்சிலர்கள் எங்கே?

விழுப்புரம் சாலையில் இந்திரா காந்தி சிலையைக் கடந்து மேற்கே போனால் ரெட்டியார்பாளையம் வரும். அதை அடுத்து மூலக்குளம், அதற்கப்பால் அரும்பார்த்தபுரம், வில்லியனூர். அந்தக் காலத்தில் உழவர்கரை கொம்யூனாக இருந்த நிலப்பகுதியில் மூலக்குளம் இருக்கிறது. இன்று உழவர்கரை நகராட்சி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த நகராட்சியில் சுமார் மூன்று லட்சம் பேர். கடற்கரையும் பிரெஞ்சுத் தெருக்களும் உள்ள புதுச்சேரி நகராட்சியைவிட இது பெரியது. சுற்றுலாப் படங்களில் வராத, ஆனால் ஊரின் பெரும்பகுதி உண்மையில் வாழ்கிற இடம். இவ்வளவு பேர் வாழும் நகராட்சியின் கடைசிக் கவுன்சிலர்கள் 2006-ல் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 2011-ல் அவர்கள் காலம் முடிந்தது. அதன்பிறகு பத்தாண்டுகளுக்கும் மேலாக நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. நகராட்சியை ஆணையர் நடத்துகிறார். அவரை அனுப்புவது அரசு. மூலக்குளத்தில் முதன்முறை வாக்களிக்கும் வயதுக்கு வந்த எத்தனையோ பேர், தங்கள் வார்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் காணாமலேயே நடுவயதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

2006-க்கு முந்தைய கதை இன்னும் மோசம். அதற்கு முன் நகராட்சித் தேர்தல் நடந்தது 1968-ல், 1880-ம் ஆண்டு பிரெஞ்சு ஆணையின்படி. இடையில் 38 ஆண்டுகள். இந்தியாவுடன் சேர்ந்த பிறகு உள்ளாட்சிக்கு நடந்த தேர்தல்களை ஒரு கையின் விரல்களால் எண்ணிவிடலாம்.

புதுச்சேரி அரசியலில் மரியாதை என்ற சொல் புழங்காத நாளே கிடையாது. யார் யாரை மதிக்கவில்லை என்ற குற்றச்சாட்டிலேயே ஆட்சிகள் ஓடியிருக்கின்றன. 2016 மே மாதம் துணைநிலை ஆளுநராகக் கிரண் பேடி வந்தார். ஜூன் மாதம் காங்கிரசின் நாராயணசாமி முதல்வரானார். அடுத்த நான்கே முக்கால் ஆண்டுகள் ஆளுநர் மாளிகையான ராஜ் நிவாசுக்கும் முதல்வர் அலுவலகத்துக்கும் நடந்தது ஆட்சியா சண்டையா என்று மக்கள் கேட்கும் அளவுக்குப் போனது. இலவச அரிசியை அரிசியாகக் கொடுப்பதா, பணமாக வங்கிக் கணக்கில் போடுவதா என்பதில் சண்டை. அதிகாரிகளுக்கு யார் உத்தரவிடலாம் என்பதில் சண்டை. கோப்புகள் அங்குமிங்கும் நடந்தன.

2017 ஜூலையில் பாரதிய ஜனதா கட்சியைச் சேர்ந்த மூவரை மத்திய அரசு சட்டப்பேரவையின் நியமன உறுப்பினர்களாக அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு தேர்தலில் ஒரு தொகுதியிலும் வெல்லாத கட்சி அது. புதுச்சேரி அரசைக் கேட்கவில்லை. துணைநிலை ஆளுநர் ராஜ் நிவாசிலேயே பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். சபாநாயகர் அவர்களைப் பேரவைக்குள் விட மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. யூனியன் பிரதேச அரசைக் கேட்காமலே நியமிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு, நியமன உறுப்பினர்களுக்கு வாக்குரிமையும் உண்டு என்று 2018 டிசம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி விஷயம் முடிந்தது. ஆனால், முப்பது உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு சிறிய அவையில், மக்கள் கேட்காத மூன்று வாக்குகள் என்பது சிறிய எண்ணிக்கை அல்ல. 2021 பிப்ரவரி 22-ம் தேதி பெரும்பான்மை இழந்து நாராயணசாமி அரசு கவிழ்ந்தபோது அந்த மூன்று வாக்குகளின் கனம் எல்லோருக்கும் தெரிந்தது.

கட்சிக்கு அப்பாற்பட்ட நோய் இது. 2021 மே மாதம் என்.ஆர்.காங்கிரஸ் - பாஜக கூட்டணி வென்றது. ரங்கசாமி முதல்வராகப் பதவியேற்றார். சில நாட்களிலேயே கொரோனாவுக்குச் சிகிச்சை பெறச் சென்னை மருத்துவமனையில் சேர்ந்தார். மற்ற அமைச்சர்கள் பதவியேற்கும் முன்னரே மீண்டும் மூன்று நியமன உறுப்பினர்களை மத்திய அரசு அறிவித்தது. கூட்டணிக் கட்சியின் முதல்வருக்கே இந்த நிலை என்றால், எதிர்க்கட்சி முதல்வருக்குக் கிடைத்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மரியாதைக் குறைவு ஒரு நல்ல காரியத்தையும் எப்படிக் கெடுக்கும் என்பதற்குத் தலைக்கவசம் நல்ல சான்று. 2019 பிப்ரவரியில் இருசக்கர வாகன ஓட்டிகள் தலைக்கவசம் அணிவதைக் கட்டாயமாக்கி அமல்படுத்தினார்கள். உயிர் காக்கும் சட்டம், அதில் இரண்டாம் கருத்துக்கு இடமே இல்லை. துணைநிலை ஆளுநரே சாலையில் இறங்கி வண்டிகளை நிறுத்தினார். முதலில் விழிப்புணர்வு, பிறகு அபராதம் என்று அமைச்சரவை சொன்னது. அது கேட்கப்படவில்லை. சட்டப்பேரவை உறுப்பினர்கள் சிலர் நடுத்தெருவில் தலைக்கவசத்தைப் போட்டு உடைத்தார்கள். மக்கள் பிரதிநிதிகள் செய்யக்கூடிய வேலையா அது? பிப்ரவரி 13-ம் தேதி முதல்வர் கறுப்புச் சட்டையோடு ராஜ் நிவாஸ் வாசலில் உட்கார்ந்தார். ஆறு நாட்கள் அங்கேயே தூங்கி எழுந்தார். ஒரு முதல்வர் தெருவில் படுத்துத்தான் தன் அரசுக்கு மரியாதை கேட்க வேண்டியிருந்தது என்பது வெட்கக்கேடு. அந்த ஆறு நாட்களில், எதைப் பற்றிய சட்டம், அதனால் யார் உயிர் பிழைக்கும் என்ற பேச்சே காணாமல் போயிருந்தது.

நீதிமன்றங்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் அன்றாட நிர்வாகத்தில் துணைநிலை ஆளுநர் தலையிட முடியாது என்று 2019 ஏப்ரல் 30-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. டெல்லி அரசுக்கும் அங்குள்ள துணைநிலை ஆளுநருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2018 ஜூலையில் சொன்னதுதான் இதில் நிதானமான பேச்சு. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசோடு கருத்து வேறுபட்டால் முதலில் பேசித் தீர்க்கப் பார்க்க வேண்டும், எதற்கெடுத்தாலும் குடியரசுத் தலைவருக்குக் கோப்பை அனுப்பக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. டெல்லிக்கும் புதுச்சேரிக்கும் சட்ட நிலையில் வேறுபாடு உண்டு. ஆனால் எதிரே இருப்பவரும் சட்டத்தால் வந்தவர்தான் என்று நினைக்கும் மனம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

இவ்வளவு தூரம் வந்தவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். டெல்லி புதுச்சேரியை மதிக்கவில்லை, ராஜ் நிவாஸ் சட்டப்பேரவையை மதிக்கவில்லை, ஆகவே மாநிலத் தகுதி வேண்டும். பேரவையில் மாநிலத் தகுதி கேட்டுப் பலமுறை தீர்மானம் போட்டாகிவிட்டது. கோரிக்கை நியாயமானதுதான். 1956-ல் கையெழுத்தான இந்திய - பிரெஞ்சு உடன்படிக்கை, இந்தப் பகுதியின் தனி நிர்வாக நிலையில் மாற்றம் செய்வதானால் மக்கள் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்று சொல்கிறது. மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது புதுச்சேரியை அண்டை மாநிலங்களோடு இணைக்கும் பேச்சு எழுந்தது. 1979 ஜனவரியில் ஊரே கொந்தளித்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின, டெல்லி பின்வாங்கியது. எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றி முடிவெடுக்காதே என்ற அந்தக் கோபம் புதுச்சேரிக்காரர்களின் ரத்தத்தில் இருக்கிறது.

அதே கேள்வியை மூலக்குளத்துக்காரர் திருப்பிக் கேட்டால் என்ன பதில்?

என் தெருவில் எது முதலில் வேண்டும் என்று என்னைக் கேட்டீர்களா? நான் தேர்ந்தெடுத்த ஒருவர் நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்க வழி வைத்தீர்களா? மேலே இருப்பவரிடம் மக்கள் தீர்ப்பை மதிக்கச் சொல்லி வாசலில் உட்காரும் நீங்கள், உங்களுக்குக் கீழே ஒரு மக்கள் தீர்ப்பு உருவாகவே விடவில்லையே?

காலம் முடியும் முன்னரே அடுத்த உள்ளாட்சித் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தம் யூனியன் பிரதேசங்களுக்கும் பொருந்தும். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தலை நடத்தச் சொல்லி 2018 மே மாதம் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். 2011 முதல் 2016 வரை இருந்தது என்.ஆர்.காங்கிரஸ். 2021-க்குப் பின் மீண்டும் அவர்களே, கூடவே பாஜக. எல்லோரும் மாறி மாறி வந்தார்கள், கவுன்சிலர் மட்டும் வரவில்லை.

மேல்தளத்துச் சண்டை கீழ்தளத்தை எப்படிச் சுட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019-ல் நாராயணசாமி அமைச்சரவை ஒரு மாநிலத் தேர்தல் ஆணையரை நியமித்தது. கிரண் பேடி அதை ஏற்கவில்லை, நியமனம் ரத்தானது. இன்னொருவர் அந்தப் பதவிக்கு வர 2020 ஆகிவிட்டது. தேர்தலை நடத்த வேண்டியவர் யார் என்பதிலேயே ஓராண்டுக்கு மேல் போனது. இதில் ராஜ் நிவாஸ் வென்றதா, அமைச்சரவை வென்றதா என்று பத்திரிகைகள் எழுதின. தோற்றது உழவர்கரையும் அரியாங்குப்பமும் பாகூரும் காரைக்காலும் என்று எழுதியவர்கள் குறைவு.

2021 செப்டம்பரில் ஒருவழியாகத் தேதி அறிவித்தார்கள். வார்டு இட ஒதுக்கீட்டில் குளறுபடி என்று வழக்கு வந்தது. அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். திருத்தி மீண்டும் அறிவித்தார்கள். இந்த முறை பிற்படுத்தப்பட்டோர், பழங்குடியினர் ஒதுக்கீடு விலக்கப்பட்டிருந்தது. கட்சிகள் கொதித்தன, உயர் நீதிமன்றம் நிறுத்தியது. பிற்படுத்தப்பட்டோருக்கு உள்ளாட்சியில் இடம் ஒதுக்க உரிய தரவுகள் வேண்டும் என்ற உச்ச நீதிமன்ற நிபந்தனை உண்மையானது, அந்த ஒதுக்கீடும் நியாயமானது. அதற்காக ஓய்வுபெற்ற நீதிபதி சசிதரன் தலைமையில் ஆணையம் அமைத்ததும் சரி. ஆனால் 2011 கணக்கின்படி பன்னிரண்டரை லட்சம் பேர் வாழும் ஒரு யூனியன் பிரதேசத்தில், வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தாலும் இத்தனை ஆண்டுகள் ஆகாது. சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு சிக்கல் என்றால் இதே அரசு எவ்வளவு வேகமாகத் தீர்க்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வேகம் இல்லாததற்குக் காரணம் வெளிப்படையானது. புதுச்சேரியில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரியாக முப்பதாயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள். தமிழ்நாட்டில் அது இரண்டு லட்சத்தைத் தாண்டும். முப்பதாயிரம் பேரை ஒரு எம்.எல்.ஏ. முகம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கல்யாணத்துக்குப் போகலாம், கருமாதிக்குப் போகலாம், சாக்கடை அடைத்தால் ஆள் அனுப்பலாம், தெருவிளக்கு எரியாவிட்டால் மின்துறைக்குப் போன் போடலாம். இங்கே எம்.எல்.ஏ.தான் கவுன்சிலர். வார்டுக்கு ஒரு கவுன்சிலர் வந்துவிட்டால், அந்தத் தெருவிளக்கின் பெருமையும் அதோடு வரும் வாக்கும் வேறொருவருக்குப் போகும். ஐந்து ஆண்டுகளில் அந்தக் கவுன்சிலரே எதிர்த்து நிற்கவும் கூடும். இதை எந்தக் கட்சியும் மேடையில் சொல்லாது.

இதில் மக்களுக்கு என்ன நட்டம், வேலை நடந்தால் சரிதானே என்று கேட்பவர்கள் உண்டு. வேலை நடக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் காலையில் மனுவோடு நிற்பவர் கேட்பது உதவி. கவுன்சிலரிடம், அவர் உட்காரும் நகர்மன்றக் கூட்டத்தின் வழியாக, கேட்பது கணக்கு. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, எந்தத் தெருவுக்கு ஏன் முதலில் என்று பதிவேட்டில் ஏறும். உதவி கேட்பவர் கும்பிட்டு நிற்க வேண்டும். கணக்குக் கேட்பவர் நிமிர்ந்து நிற்கலாம். ஆள்பவரும் ஆளப்படுபவரும் ஒருவரையொருவர் மதிப்பது என்பதன் அடித்தளம் இந்த நிமிர்ந்து நிற்றலில் இருக்கிறது. அதை இழந்த ஊரில் ஆட்சி எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அது தானம்தான்.

2024 ஜூன் 11-ம் தேதி, மூலக்குளத்துக்குப் பக்கத்தில், ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையின் விஷவாயு வீட்டுக் கழிப்பறை வழியாக வந்து மூவர் இறந்தார்கள். அதில் ஒருவர் பள்ளி மாணவி. கவுன்சிலர் இருந்திருந்தால் அந்த மூவரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வது நேர்மையாகாது. கவுன்சிலர்கள் உள்ள நகரங்களிலும் சாக்கடை ஆட்களைக் கொல்கிறது. ஆனால் அப்படியொரு மரணத்துக்குப் பிறகு, அந்தத் தெருவின் பெயரைச் சொல்லி, எந்தக் குழாய், யார் போட்டது, யார் பார்த்து ஒப்புதல் கொடுத்தது என்று நகராட்சிக்குள்ளேயே எழுந்து கேட்கும் உரிமை பெற்ற ஒருவர் இருந்திருக்க வேண்டும். உழவர்கரையில் அந்த இடத்தில் யாரும் இல்லை. நிவாரணம் அறிவித்தார்கள். நிவாரணம் மேலிருந்து வந்தது.

கடற்கரைச் சாலையில் மேரி எனப்படும் நகர்மன்றக் கட்டடம் இருக்கிறது. 1870-71-ல் கட்டியது, நகராட்சியின் அடையாளம். 2014 நவம்பர் 29-ம் தேதி மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே சுமார் 15 கோடி ரூபாய் செலவில் திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரி 25-ம் தேதி பிரதமர் மோடி திறந்து வைத்தார். அன்றுதான் புதுச்சேரியில் குடியரசுத் தலைவர் ஆட்சியும் அமலுக்கு வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசும் இல்லாத, நகர்மன்றமும் இல்லாத ஒரு நாளில் நகர்மன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. தூண்களையும் வளைவுகளையும் அளவு மாறாமல் மீட்டெடுக்க முடிந்த ஊருக்கு, அதற்குள் உட்கார வேண்டியவர்களை மீட்க முடியாமல் போனதை எந்தப் பொறியியல் காரணத்தாலும் விளக்க முடியாது.

பிரெஞ்சுக் காலத்தைப் பொற்காலமாகப் பேசுவதும் தவறு. அன்றும் தேர்தல் இருந்தது, சமத்துவம் இல்லை. வாக்காளர்களை முதலில் இரண்டு பட்டியலாகப் பிரித்தார்கள், பிறகு மூன்றாக்கினார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய ஐரோப்பியர்களுக்கும் பல்லாயிரம் இந்தியர்களுக்கும் சபையில் இடம் சமம். 1945-ல்தான் ஒரே பட்டியல் வந்தது. ஆனால் அந்த அநீதிக்குள்ளேயே மரியாதை கேட்டு நின்றவர்கள் இருந்தார்கள். 1873-ல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியரைப் போலச் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர் சப்பாத்தோடு வரக் கூடாது என்று நீதிபதி தடுத்தார். அவர் வழக்கைப் பாரிஸ் வரை கொண்டுபோய் வென்றார். காலில் என்ன போடுகிறோம் என்பது சின்ன விஷயம். அதைப் போட்டுக்கொண்டு யார் முன்னால் நிற்கலாம் என்பது பெரிய விஷயம்.

அது பழங்கதையாகிவிடவில்லை. புதுச்சேரியை ஒட்டிய கடலூர் மாவட்டத்தில் தெற்குத்திட்டை ஊராட்சியின் பட்டியலினத் தலைவியைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் 2020 அக்டோபரில் வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் பத்து ஆண்டுகள் ஒழுங்காகத் தேர்தலே நடத்த முடியவில்லை. வேட்புமனு போட ஆள் வராது, வந்து வென்றாலும் உடனே விலக வேண்டும். 2006-ல்தான் அது உடைந்தது. மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய்ப் பேசியது, அரசு பின்னால் நின்றது, ஊரும் இறங்கி வந்தது. தேர்தல் நடந்தாலே மரியாதை வந்துவிடாது என்பதைத் தெற்குத்திட்டை காட்டுகிறது. தேர்தல் நடக்காவிட்டால் அந்தப் பேச்சே தொடங்காது என்பதைப் பாப்பாபட்டி காட்டியது.

உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. அதனால் புதுச்சேரிப் பெண்களுக்கு நேர்ந்த இழப்பு தனியாகப் பேச வேண்டியது. 2021 சட்டமன்றத் தேர்தலில் முப்பது தொகுதிகளில் வென்ற பெண் ஒரே ஒருவர், நெடுங்காடு தனித் தொகுதியின் சந்திர பிரியங்கா. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு புதுச்சேரிக்குக் கிடைத்த பெண் அமைச்சர் அவர். 2023 அக்டோபரில் சாதியாலும் பாலினத்தாலும் தான் குறிவைக்கப்படுவதாகக் கடிதம் எழுதிவிட்டுப் பதவி விலகினார். அவரை ஏற்கெனவே நீக்க முடிவு செய்தாகிவிட்டது என்று மறுபக்கம் சொன்னது. எந்தப் பக்கம் எவ்வளவு உண்மை என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். அமைச்சரவையில் ஒரே பெண்ணாக இருக்கும்போது அவர் சொல்லைத் தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் இன்னொரு பெண் இல்லை. நகராட்சிகளிலும் கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் நூற்றுக்கணக்கான பெண்கள் பதவியில் இருந்து, கூட்டம் நடத்தி, கணக்குப் பார்த்துப் பழகியிருந்தால் சட்டப்பேரவைக்குப் போகும் பெண்களின் எண்ணிக்கையும் ஒன்றில் நின்றிருக்காது. ஒரு தலைமுறைப் பெண் அரசியல்வாதிகள் உருவாகாமலேயே போனார்கள். இதை ஈடுகட்ட எந்த நிவாரணத் தொகையும் கிடையாது.

கடலுக்கு அப்பாலும் இதே கதை. இலங்கையின் வட மாகாண சபைக்கு 2013 செப்டம்பரில் தேர்தல் நடந்தது. போர் முடிந்த மண்ணில் தமிழர்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். 2018 அக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. பிறகு கொழும்பு நியமித்த ஆளுநரே மாகாணத்தை நடத்தும் நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 2023-ல் பணமில்லை என்று உள்ளூராட்சித் தேர்தலையும் தள்ளிப்போட்டார்கள். அது குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2024-ல் தீர்ப்பளித்தது. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. யாழ்ப்பாணத்தில் ஆளுநர் ஆட்சி நடக்கும்போது அதைத் தமிழருக்கு இழைத்த அவமதிப்பு என்று பேசும் புதுச்சேரித் தலைவர்கள், உழவர்கரையில் ஆணையர் ஆட்சி நடப்பதை அதே சொல்லால் அழைக்க வேண்டும்.

மக்கள் பக்கமும் கடமை உண்டு. மரியாதை இருவழி. வீட்டு வரியைக் கட்டாமல் இழுப்பது, குப்பையை வாய்க்காலில் கொட்டிவிட்டு மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததென்று மறியல் செய்வது, துப்புரவுத் தொழிலாளியை ஒருமையில் அழைப்பது, நோட்டு வாங்கிக்கொண்டு வாக்களிப்பது என்று இந்தப் பட்டியலும் நீளும். ஆனால் இந்தக் குறைகளைச் சொல்லி உள்ளாட்சியை மறுப்பது, நீந்தத் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்கு என்பதைப் போன்றது. தன் வரிப்பணம் எங்கே போகிறது என்று தெரியாத குடிமகனிடம் வரியை மதிக்கச் சொல்ல யாருக்கும் தகுதி இல்லை.

கிரண் பேடியின் பக்கத்தில் இருந்த ஒரு நியாயத்தையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். வார இறுதிகளில் அவர் வாய்க்கால்களைத் தேடிப் போனார், குளங்களைப் பார்த்தார், அதிகாரிகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். மக்களில் பலருக்கு அது பிடித்தது. ஏன் பிடித்தது என்று எந்தக் கட்சியும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வாய்க்காலைப் பார்க்க வேண்டிய கவுன்சிலர் இல்லாத ஊரில், பார்க்க வந்த எவரும் பெரியவராகத் தெரிவார். நியமிக்கப்பட்டவர் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் வேலையைச் செய்தார் என்று முதல்வர் கோபப்பட்டார். அந்த வேலைக்குரிய தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை வரவிடாமல் காலியிடத்தை உருவாக்கி வைத்தவர்கள் யார் என்ற கேள்வி அன்று எழுந்திருந்தால் சண்டையின் முகமே மாறியிருக்கும்.

செய்ய வேண்டியது என்ன என்பதில் மர்மம் எதுவும் இல்லை. பிற்படுத்தப்பட்டோர் கணக்கை முடித்து இட ஒதுக்கீட்டு ஆணையை வெளியிட வேண்டும். வார்டுப் பட்டியலை மக்கள் பார்க்க வைத்து, ஆட்சேபங்களைக் கேட்டுத் திருத்த வேண்டும், அப்போதுதான் 2021-ல் போல நீதிமன்றத்தில் போய் முட்டாது. மாநிலத் தேர்தல் ஆணையர் நியமனத்தில் ராஜ் நிவாசும் அமைச்சரவையும் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றங்களுக்கு வரி வருவாயும் ஊழியர்களும் உண்மையான அதிகாரமும் தர வேண்டும். இல்லாவிட்டால் கவுன்சிலரும் எம்.எல்.ஏ. வாசலில் மனுவோடு நிற்பார். மாநிலத் தகுதி கேட்டு அடுத்த முறை பேரவையில் தீர்மானம் கொண்டுவரும்போது, அதே நாளில் உள்ளாட்சித் தேர்தலுக்கான தேதியையும் அவையில் அறிவிக்கும்படி மூலக்குளத்து மக்கள் தங்கள் எம்.எல்.ஏ.வைக் கேட்கலாம். அவருடைய வாக்கு டெல்லியில் மதிக்கப்பட வேண்டும் என்று சொல்லும் அதே வாயால் அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதை அரும்பார்த்தபுரத்திலும் ரெட்டியார்பாளையத்திலும் உள்ளவர்களும் கேட்டு வைத்துக்கொள்வார்கள்.